ஆறு பொருள்கள், ஒரு கேள்வி: அலோயிஸ் அல்சைமரின் வாழ்க்கை

சாப்பிட்டாயா என்று கேட்பது எங்கள் பாட்டியின் வழக்கம். பல்கலைக்கழக விடுமுறையில் நான் வீட்டு வாசலை மிதித்ததும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு தீபாவளி விடுமுறையில், அந்தக் கேள்வியை ஒரே மணி நேரத்தில் ஐந்து முறை கேட்டார். ஐந்து முறையும் பதில் சொன்னேன். ஆறாவது முறை கேட்டபோது நானும் தம்பியும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டோம். வயதானால் எல்லாரும் இப்படித்தான் என்று அப்பா சொன்னார். முறுக்கு மாவில் பாட்டி இரண்டு முறை உப்புப் போட்டதற்கும் அதே காரணத்தைத்தான் அம்மா சொன்னார். அந்தச் சிரிப்பு இன்றளவும் என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கிறது.

உளவியல் பயிலும் மாணவி நான். பாடநூலில் அல்சைமர் என்ற பெயரைப் பலமுறை படித்திருக்கிறேன். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பதை அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. நம்மில் பலருக்கும் அது ஒரு நோயின் பெயர் மட்டுமே. அந்த மனிதர் என்ன செய்தார் என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான் எங்கள் வீட்டில் நாங்கள் செய்யத் தவறியது என்ன என்று எனக்குப் புரிந்தது. ஒரு பெண்ணின் மறதியை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். வந்த பதிலை வந்தபடியே எழுதி வைத்தார். அவர் வாழ்க்கையை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காதுக்குறும்பியில் தொடங்கிய ஆய்வு

அலோயிஸ் அல்சைமர் 1864-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை எடுவார்ட், அரசு சார்ந்த பத்திரப் பதிவுப் பணியில் இருந்தவர். அலோயிஸ் அஷாஃபன்பர்க் நகரில் பள்ளிப் படிப்பை முடித்து, பெர்லின், டூபிங்கன், வூர்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் மருத்துவம் பயின்றார். நெடிய உருவமும் கலகலப்பான குணமும் கொண்ட அவர் மாணவப் பருவத்தில் வாட்சண்டைக் கழகம் ஒன்றிலும் சேர்ந்திருந்தார். அதன் அடையாளமாக முகத்தில் ஒரு தழும்பு கடைசிவரை தங்கிவிட்டது.

1887-இல் அவர் மருத்துவப் பட்டத்திற்காக அளித்த ஆய்வேடு மூளையைப் பற்றியதன்று. காதில் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது! ஆயினும் அந்த ஆய்வுதான் அவரை நுண்ணோக்கியின் முன் உட்கார வைத்தது. கண்ணுக்குத் தெரியாததைப் பொறுமையோடு பார்த்து, பார்த்ததை வரைந்து வைக்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது.

1888-ஆம் ஆண்டு இறுதியில் ஃபிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். கோட்டை போன்ற அதன் தோற்றத்தைக் கண்ட ஊர்மக்கள் அதைப் பித்தர்களின் கோட்டை என்று அழைத்தார்கள். எமில் சியோலி என்பவர் அதன் தலைமை மருத்துவர். நோயாளிகளைக் கட்டிப்போடுவதும் அடைத்து வைப்பதும் பல இடங்களில் வழக்கமாக இருந்த காலம் அது. சியோலியும் அல்சைமரும் அந்த முறையைக் கூடுமானவரை தவிர்த்தார்கள். மனம் கலங்கியவர்களை வெதுவெதுப்பான நீரில் நெடுநேரம் இருக்கச் செய்து அமைதிப்படுத்தினார்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, நோயாளிகளோடு உட்கார்ந்து பேசினார்கள்.

1889-இல் ஃபிரான்ஸ் நிஸல் அங்கு வந்து சேர்ந்தார். நரம்பணுக்கள் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும்படி சாயமேற்றும் முறையைக் கண்டறிந்தவர் இவர். பகலில் நோயாளிகளைப் பார்ப்பது, இரவில் இறந்தவர்களின் மூளைத் திசுவை ஆராய்வது என்று இருவரும் உழைத்தார்கள். உயிரோடு இருந்தபோது ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்பதையும், இறந்தபின் அவர் மூளையில் என்ன தெரிகிறது என்பதையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதே அவர்களின் குறிக்கோள். பின்னாளில் வந்த கண்டுபிடிப்புக்கு இந்த நட்பே அடித்தளம் எனலாம்.

அல்சைமர், செசிலி என்னும் செல்வம் மிக்க கைம்பெண்ணை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். ஆனால் 1901-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செசிலி இறந்துபோனார். கடைசிக் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அல்சைமரின் தங்கை எலிசபெத் வந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். அல்சைமரோ துயரத்தை மறக்க வேலையில் மூழ்கினார். அந்த ஆண்டின் இறுதியில்தான் அவர் வாழ்வின் மிக முக்கியமான நோயாளி அந்தக் கோட்டைக்குள் நுழைந்தார்.

1901 நவம்பர் 26

அவுகுஸ்தே டேட்டர், இரயில்வே ஊழியர் ஒருவரின் மனைவி. வயது 51. முதலில் கணவர்மீது காரணமில்லாச் சந்தேகம் எழுந்தது. பிறகு நினைவு குன்றியது. சமையலில் தவறுகள் நேர்ந்தன. பொருள்களை எங்கெங்கோ ஒளித்து வைத்தார். 1901 நவம்பர் 25-ஆம் நாள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறுநாள் அல்சைமர் அவர் எதிரில் உட்கார்ந்தார்.

பெயர் என்ன என்று கேட்டார். அவுகுஸ்தே என்றார் அந்த அம்மையார். குடும்பப் பெயரைக் கேட்டபோதும் அவுகுஸ்தே. கணவர் பெயரைக் கேட்டபோதும் அவுகுஸ்தே என்றே பதில் வந்தது. நண்பகல் உணவில் அவர் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் தின்றுகொண்டிருந்தபோது, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அல்சைமர் கேட்டார். பசலைக்கீரை என்று பதில் வந்தது. பெயரை எழுதச் சொன்னபோது திருமதி என்ற முதற்சொல்லை மட்டும் எழுதிவிட்டு, மற்றதை மறந்து நின்றார். தன்னையே தொலைத்துவிட்டதாக ஒரு சமயம் அவரே சொன்னார்.

நான் மீண்டும் மீண்டும் படித்தது இன்னொரு சோதனையைப் பற்றிய குறிப்பை. அவுகுஸ்தேயிடம் ஒரு பென்சில், ஒரு பேனா, ஒரு பணப்பை, ஒரு சாவி, ஒரு நாட்குறிப்பு, ஒரு சுருட்டு ஆகியவற்றை அல்சைமர் காட்டினார். அவுகுஸ்தே அவற்றின் பெயர்களைச் சரியாகவே சொன்னார். ஆனால் இவ்வாறு காட்டப்பட்ட பொருள்களைச் சற்று நேரத்திற்குள் அவர் அடியோடு மறந்துவிடுவதை அல்சைமர் கண்டார்.

இது எவ்வளவு எளிய சோதனை என்று பாருங்கள். கருவி எதுவும் இல்லை. மேசைமேல் கிடந்த பொருள்களும் ஒரு கேள்வியுமே போதுமானவையாக இருந்தன. ஆனாலும் இது மிக நுட்பமான ஒன்றைப் பிரித்துக் காட்டியது. கண் பார்க்கிறது, மொழியும் இருக்கிறது, சாவி என்றால் என்ன என்ற பழைய அறிவும் இருக்கிறது. இப்போது நடந்ததைப் புதிதாகப் பதிந்து வைக்கும் ஆற்றல் மட்டும் இல்லை. அதனால்தான் பாட்டிமார்களுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை தெளிவாக நினைவிருக்க, காலையில் சாப்பிட்ட இட்லி நினைவில்லாமல் போகிறது. புதிய நினைவுகளைப் பதிக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியையும் அதை ஒட்டிய பகுதியையும் இந்நோய் தொடக்கத்திலேயே தாக்குகிறது என்பது இன்று நமக்குத் தெரியும். அல்சைமருக்கு அது தெரியாது. ஆனால் சரியான கேள்வியை அவர் கேட்டுவிட்டார்.

யாரும் கேள்வி கேட்காத உரை

பின்னர் அல்சைமர், புகழ்பெற்ற மனநல மருத்துவர் எமில் கிரெப்பலினின் அழைப்பை ஏற்று ஹைடல்பர்க் சென்று, 1903-இல் அவரோடு மியூனிக் நகருக்கு மாறினார். அங்கே தொடக்கத்தில் ஊதியமே இல்லாமல் உழைத்தார். மனைவி விட்டுச்சென்ற செல்வம் அதற்கு இடம் கொடுத்தது. அவருடைய ஆய்வுக்கூடத்திற்குப் பல நாடுகளிலிருந்தும் இளம் ஆய்வாளர்கள் வந்தார்கள். ஒவ்வொரு மாணவர் பக்கத்திலும் நெடுநேரம் உட்கார்ந்து விளக்கிவிட்டு, புகைத்துக்கொண்டிருந்த சுருட்டை அங்கேயே மறந்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவாராம். மாலையில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சுருட்டுத் துண்டு கிடக்குமாம்.

ஊர் மாறினாலும் அவுகுஸ்தேயை அவர் மறக்கவில்லை. அந்த அம்மையாரின் நிலையைத் தொடர்ந்து கேட்டறிந்தார். 1906 ஏப்ரல் 8-ஆம் நாள் அவுகுஸ்தே இறந்தார். மருத்துவக் குறிப்புகளும் மூளையும் மியூனிக்கிற்கு அனுப்பி வைக்கப்பட்டன. பெருமூளைப் புறணி சுருங்கியிருந்தது. வெள்ளி கலந்த சாயம் ஏற்றிப் பார்த்தபோது, நரம்பணுக்களுக்குள் முறுக்கிய இழைச் சிக்கல்களும், அணுக்களுக்கு வெளியே தினை விதை போன்ற படிவுகளும் தெரிந்தன.

1906 நவம்பர் 3-ஆம் நாள் டூபிங்கனில் நடந்த தென்மேற்கு ஜெர்மன் மனநல மருத்துவர்கள் கூட்டத்தில் அல்சைமர் தம் கண்டுபிடிப்பை எடுத்துரைத்தார். உரை முடிந்தது. கூட்டத்தில் ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. வாழ்நாள் முழுதும் கேள்வி கேட்டே உண்மையைத் தேடியவருக்குக் கிடைத்த வரவேற்பு அது! மறு ஆண்டு அவ்வுரை சிறு கட்டுரையாக அச்சேறியது. 1907-லேயே பிராக் நகரில் ஆஸ்கார் ஃபிஷர் என்பவரும் மூப்பு மறதி கொண்டோரின் மூளைகளில் இத்தகைய படிவுகளைக் கண்டு எழுதினார் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1910-இல் கிரெப்பலின் தம் பாடநூலின் எட்டாம் பதிப்பில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

1912-இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் அல்சைமர் பேராசிரியர் ஆனார். இன்று அது போலந்து நாட்டின் விராட்ஸ்வாஃப் நகரம். அங்குச் செல்லும் இரயில் பயணத்திலேயே நோய்வாய்ப்பட்டார். அதன்பின் உடல்நலம் முழுமையாகத் திரும்பவே இல்லை. 1915 டிசம்பர் 19-ஆம் நாள் காலமானார். ஃபிராங்க்பர்ட்டில் மனைவியின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். இறக்கும்போது அவருக்கு வயது 51. அவுகுஸ்தே முதன்முதலில் அவர் எதிரில் உட்கார்ந்தபோது அந்த அம்மையாருக்கும் அதே வயதுதான்.

அந்தக் கோப்பு காணாமல் போயிருந்தது. 1995-இல் ஃபிராங்க்பர்ட் மருத்துவமனை ஆவணங்களுக்கிடையே கண்டெடுக்கப்பட்டது. அல்சைமரின் கையெழுத்தில் கேள்வியும் பதிலுமாக இருந்த அத்தாள்களால்தான் அந்த நாள்களில் நடந்தவற்றை இன்று நாம் இவ்வளவு தெளிவாக அறிய முடிகிறது.

சுருட்டிலிருந்து முப்பது புள்ளிகள் வரை

அல்சைமருக்குப் பின் பல்லாண்டுகள் அவர் பெயர் நடுத்தர வயதில் வரும் நோய்க்கு மட்டுமே வழங்கியது. முதியோருக்கு வரும் மறதி வயதின் விளைவு என்றே மருத்துவர்களும் கருதினார்கள். 1968-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உயிரோடு இருந்தபோது முதியவர்களிடம் நினைவு, கவனம் பற்றிய எளிய கேள்விகளைக் கேட்டுப் புள்ளி இட்டார்கள். இறந்தபின் மூளையிலுள்ள படிவுகளை எண்ணினார்கள். புள்ளிகள் குறையக் குறையப் படிவுகள் கூடியிருந்தன. நிஸலும் அல்சைமரும் கனவு கண்ட பொருத்தம் எண்களில் வெளிப்பட்டது. மூப்பு மறதியில் பெரும்பகுதி அல்சைமர் நோயே என்று 1976-இல் ராபர்ட் காட்ஸ்மன் வலியுறுத்தினார்.

1975-இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மெக்ஹியூவும் 30 புள்ளிகள் கொண்ட சிறு சோதனையை வெளியிட்டனர். இன்று என்ன தேதி, இது எந்த இடம், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல், ஒரு வாக்கியம் எழுதுதல், இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைதல் ஆகியவை அதில் உண்டு. நடுவில் மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துக் கேட்பார்கள். 2005-இல் கனடாவிலிருந்து நஸ்ரெத்தீன் குழுவினர் வெளியிட்ட மொன்றியல் சோதனையில் ஐந்து சொற்கள். லேசான குறைபாட்டையும் கண்டறிய அது உருவாக்கப்பட்டது. மேசைமேல் இருந்த ஆறு பொருள்கள்தாம் இப்படி மூன்று சொற்களாகவும் ஐந்து சொற்களாகவும் மாறியிருக்கின்றன.

ஆனால் நண்பர்களே, இந்தப் புள்ளிகளை எப்படிப் படிப்பது என்பதை எனக்குக் கற்றுத் தந்தவர் என் பாட்டிதான்.

பாட்டியின் இரண்டு தேர்வுகள்

அந்தத் தீபாவளிக்கு ஓராண்டு கழித்துத்தான் பாட்டியை ஒரு கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றோம். பாட்டி தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததில்லை. அங்கே அவரிடம் மலாய் மொழியில் கேள்வி கேட்டார்கள். கடைத்தெரு மலாய் மட்டுமே தெரிந்த பாட்டி பாதிக் கேள்விகளுக்கு விழித்தார். கூட்டம் அதிகமாக இருந்த நாள். எல்லாம் ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. 30-க்கு 13 புள்ளிகள். முற்றிய நிலை என்றார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் பாட்டி ஒரு சொல்லும் பேசவில்லை. எழுதப் படிக்கத் தெரியாததால் தோற்றுவிட்டேன் என்று இரவில் அம்மாவிடம் சொல்லி அழுதார்.

சில வாரங்கள் கழித்து வேறொரு மருத்துவமனையில், தமிழ் தெரிந்த ஒருவர் பாட்டியைச் சோதித்தார். முதலில் பாட்டிக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்த்தார். தோட்டத்தைப் பற்றிச் சற்றுப் பேசினார். பிறகு தமிழில் கேட்டார். ஏழேழாகக் கழிக்கும் கணக்கைப் பாட்டி பிசகாமல் சொல்லி முடித்தார். கூலிக் கணக்கை விரல்களிலேயே சரிபார்த்து மண்டோரிடம் வாதாடியவர் அல்லவா! இம்முறை 22 புள்ளிகள். வாசிப்பது, எழுதுவது, வரைவது ஆகிய மூன்றிலும் புள்ளி இல்லை. அது நோயன்று, பள்ளி இல்லாத குறை. தேதியையும் கிழமையையும் தவறவிட்டார்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. 13 எங்கே, 22 எங்கே! ஒன்றுமில்லை என்று எழுந்திருக்கப் பார்த்தார். ஆனால் சோதித்தவர் எங்களை உட்கார வைத்து மீதமிருந்த மூன்று புள்ளிகளைச் சுட்டிக்காட்டினார். சற்று நேரத்திற்கு முன் சொன்ன மூன்று சொற்களில் ஒன்றுகூடப் பாட்டிக்கு நினைவில்லை. அவற்றுள் ஒன்று ஒரு பழம் என்று குறிப்புக் கொடுத்தும் வரவில்லை. குறிப்புக் கொடுத்ததும் சொல் வந்தால், அது உள்ளே பதிந்திருக்கிறது, எடுப்பதில்தான் சிரமம் என்று கொள்ளலாம். குறிப்புக்கும் வராவிட்டால் பெரும்பாலும் அது பதியவே இல்லை. நன்கு படித்த ஒருவர் இந்த மூன்றையும் இழந்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி 27 புள்ளிகள் வாங்கிவிடலாம். வீட்டார் மகிழ்ச்சியோடு திரும்பிவிடுவார்கள். எத்தனை புள்ளி போனது என்பதைவிட, எந்தப் புள்ளி போனது என்பதே முக்கியம். முதல் தேர்வு பாட்டியின் குறையை மிகையாகக் காட்டியது. இரண்டாவது தேர்வின் மொத்தப் புள்ளியோ அதை மறைத்துவிடப் பார்த்தது. அல்சைமரைப் போலப் பொறுமையாகக் கேட்டு, பதிலைக் கவனித்த ஒருவர் இருந்ததால் உண்மை தெரிந்தது.

இச்சோதனை மட்டுமே நோயை உறுதி செய்துவிடாது என்பதையும் அவர் விளக்கினார். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். அவற்றுள் பலவற்றைச் சரிசெய்ய முடியும். பாட்டிக்கு இரத்தப் பரிசோதனையும் மூளைப் படமும் எடுத்தார்கள். பிறகுதான் அல்சைமர் நோயின் தொடக்க நிலை என்று சொன்னார்கள்.

இந்நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. சில மருந்துகள் அறிகுறிகளை ஓரளவு தணிக்கின்றன. அண்மை ஆண்டுகளில் சில நாடுகளில் ஏற்பு பெற்ற புதிய மருந்துகள் தொடக்க நிலையில் உள்ளோருக்கு மட்டுமே பயன்படுகின்றன. அவையும் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றன, அவ்வளவே. அப்படியானால் முன்கூட்டியே தெரிந்து என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பதிலைப் பாட்டியே தந்தார். தம் நகைகளில் எது யாருக்கு என்று தெளிவாக இருக்கும்போதே அவரே சொல்லிவிட்டார். கடைசிவரை எந்தப் பிள்ளை வீட்டில் இருக்க விரும்புகிறார் என்பதையும் அவரே முடிவு செய்தார். தோட்டத்துக் கதைகளை என் கைப்பேசியில் பதினொரு மணி நேரம் பேசிப் பதிவு செய்தார். ஓராண்டு முன்னதாகவே சென்றிருந்தால் இன்னும் எவ்வளவோ கேட்டிருக்கலாம். அந்த ஓராண்டை நாங்கள் சிரித்தே கழித்துவிட்டோம்.

அன்பர்களே, இந்த ஆண்டு விடுமுறைக்கு வீடு செல்லும்போது உங்கள் தாத்தா பாட்டியின் அருகில் சற்று உட்காருங்கள். சாவியை எங்கே வைத்தோம் என்று எப்போதாவது மறப்பது எல்லாருக்கும் உண்டு. ஆனால் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், கைப்பழக்கமான சமையல் தடுமாறினால், தெரிந்த வழி தவறினால், அதை வயதின்மீது போட்டுவிடாதீர்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அதை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் பெரியவர்களுக்கு எந்த மொழி வருமோ அந்த மொழியில் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் பள்ளி சென்றார்களா என்பதையும் சொல்லுங்கள்.

பாட்டி இப்போது என்னைச் சில வேளைகளில் அத்தையின் பெயரால் அழைக்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்பதை மட்டும் விடவில்லை. எத்தனை முறை கேட்டாலும் முதல் முறை கேட்டதுபோலவே நானும் பதில் சொல்கிறேன்.